காரணம் எழுதும் கட்டம்

நான் பறவை பார்க்க வந்தவனில்லை.
உப்புவெளிச் சந்தியில் பதின்மூன்று பேரை ஏற்றி
இறக்கக்கண்டிப் பாலத்தடியில் இறக்கிவிட்டு
ஒரு மணிக்குத் திருப்பி ஏற்ற வேண்டும்.
பேச்சு அவ்வளவுதான்.
சோத்துப் பார்சல் ஒன்று எனக்கும் உண்டு என்றார்கள்.

ஐந்து பள்ளிக்கூடப் பிள்ளைகள்.
மீன்வாடியில் கணக்கெழுதும் றிஸ்மியா, கையில் கொப்பி.
ஆஸ்பத்திரி மருந்துக் கவுண்டரிலிருந்து தம்மிக்க,
கழுத்தில் அவர்களுடைய ஒரேயொரு தொலைநோக்கி.
எல்லாருக்கும் முன்னால் தவசோதி.
பதினொரு வருடம் மிதிவெடி எடுத்தவவாம்.
ஒரு சதுர மீற்றர் மண்ணை
ஒரு காலமை முழுக்கப் பார்த்த கண்.

"நான் வைத்த அடியிலேயே வையுங்கோ" என்றா.
சிரித்துக்கொண்டிருந்த பிள்ளைகள்
வாயை மூடிக்கொண்டு வரிசையானார்கள்.
களப்புக்கும் கடலுக்கும் இடையில்
நாக்குப்போல நீண்ட மணல் திட்டு.
பதின்மூன்று பேர் போனதற்கு
ஒருவர் போன தடம்தான் கிடந்தது.

கச்சான் காற்று மணலை வாரி முகத்தில் எறிந்தது.
நான் வான் கதவைத் திறந்துவைத்து
பாட்டுப் போட்டேன். நிறுத்தினேன்.
காது கொடுத்தால்
கிரீச் கிரீச் என்று வானம் முழுக்க ஆலாக்கள்.
சின்னன். மஞ்சள் சொண்டு.
ஏதோ வழக்குப் பேசுவதுபோல.

தூரத்தில் ஒரு பொடியன் கேட்டது காற்றில் வந்தது:
"அக்கா, சிவப்புத் தடி நடுவமா?"
"வேண்டாம் ராசா. காகம் வாசிக்கும்."

சிகரெட் பற்றவைக்கக் காற்றுக்கு ஒதுக்கம் தேடி
தாழம்புதர்ப் பக்கம் போனேன்.
திரண்டால் மிடுக்கென்று ஊர் சொல்லும் அடம்பன்
அங்கே திரளாமல் அங்கொன்று இங்கொன்றாய்க் கிடந்தது.
கொடியைத் தாண்டி ஓரடி.
சத்தம்கூட இல்லை.
செருப்புக்குக் கீழே
அப்பளம் நொறுங்கிய மாதிரி ஏதோ.

கூடு என்று ஒன்றும் இல்லை.
ஒரு சுள்ளி இல்லை, ஒரு இறகு இல்லை.
குதிக்கால் அழுத்திய அளவில் ஒரு பள்ளம்.
மிளகு தூவிய மணல் நிறத்தில் ஒன்று முழுசாய்,
அதன் பக்கத்தில் மஞ்சள்.

தலைக்கு மேலே அது வந்தது.
என் மயிரைத் தொட்டுத் தொட்டு எழும்பியது.
சேட்டில் எச்சம் போட்டது.
கையை ஓங்கவில்லை. நகரவும் தெரியவில்லை.
எந்தக் காலை எங்கே எடுத்துவைப்பது?
நின்ற இடத்திலிருந்தே கூப்பிட்டேன்.

தவசோதி பார்த்துப் பார்த்து வந்தா.
பேசவில்லை. என் முழங்கையைப் பிடித்து
"வந்த அடியிலேயே பின்னால் வையுங்கோ" என்றா.
ஒன்று. இரண்டு. ஏழாவது அடியில்
ஈர மணல் வந்தது.

றிஸ்மியா கொப்பியை விரித்தாள்.
கோடு போட்ட கட்டங்கள்: இடம், முட்டை, அழிவு, காரணம்.
மேல் வரிகளில் நாய் இருந்தது. காகம் இருந்தது.
கரைவலைக் கயிறு என்று இரண்டு இடத்தில்.
சம்மாட்டியோடு கதைத்தாகிவிட்டது, அடுத்த கிழமை
கயிறு வடக்கே தள்ளிப் போகும் என்று
ஓரத்தில் சின்ன எழுத்தில்.
பேனை என் வரியில் நின்றது.
"என்ன போட?" என்று என்னைக் கேட்காமல்
தம்மிக்கவைப் பார்த்தாள்.
அவர் கடலைப் பார்த்தார்.

"மனுசன் என்று போடுங்கோ தங்கச்சி" என்றேன்.
போட்டாள்.
பிறகு கொஞ்சம் யோசித்து
"தெரியாமல்" என்றும் சேர்த்தாள்.
அதை வெட்டச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அரை மணிநேரம் எல்லாரும் தள்ளிக் குந்தியிருந்தோம்.
தொலைநோக்கி கை மாறி என்னிடம் வந்தபோது
அது திரும்பி வந்திருந்தது.
மிச்சம் ஒன்றின்மேல் வயிற்றை அசைத்து அசைத்து
இடம் பார்த்து அமர்ந்தது.
மஞ்சளைக் கடலெறும்பு மொய்த்திருந்தது.

பார்சலில் அவித்த முட்டை ஒன்று இருந்தது.
ஒரு பிள்ளைக்குக் கொடுத்தேன்.

ஒன்றே முக்கால் ஆகிவிட்டது. மேலதிகக் காசு கேட்கவில்லை.
களப்பில் செருப்பைக் கழுவினேன் என்றுதான் நினைத்தேன்.
சாவியைத் திருப்பி, காலை வைத்தால்
பெடலில் கரகரவென்று
மணலா, ஓடா.
பின்னால் பதின்மூன்று பேர்.
"என்ன அண்ணை, எடுக்கேல்லையோ?"